தொப்புள் விழாத பிள்ளையைக் குளிப்பாட்டலாமா?

கேள்வி: டாக்டர், வணக்கம். தோவாளை பக்கம் அம்மா வீட்டில் இருக்கிறேன். முதல் பிரசவம், பெண் குழந்தை. ஒன்பது நாள் ஆகிறது. பிறந்தபோது 2 கிலோ 800 கிராம். தொப்புள் கொடி இன்னும் விழவில்லை. ஆஸ்பத்திரியில் சிஸ்டர் "கொடி விழும்வரை துடைத்துவிட்டால் போதும்" என்றுதான் சொல்லி அனுப்பினார். ஆனால் வீட்டுக்கு வந்ததும் எங்கள் தெருவில் எல்லாப் பிள்ளைகளையும் குளிப்பாட்டிய பாட்டி வந்துவிட்டார். முற்றத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, நல்ல சூட்டில் தண்ணீர் ஊற்றுகிறார். மார்பைப் பிதுக்குகிறார், மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுகிறார், கடைசியில் சாம்பிராணி. எல்லாம் முடிய அரை மணி நேரம் ஆகிறது. நேற்று குளித்து முடித்தபோது கையும் காலும் நீலமாகத் தெரிந்தன. அப்புறம் நாலு மணி நேரம் பாலுக்குக்கூட எழும்பாமல் தூங்கினாள். "குளிச்ச அசதி, நல்லா உறங்கட்டும்" என்கிறார் அம்மா. எனக்குப் பயமாக இருக்கிறது. பாட்டியை வரவேண்டாம் என்றால் அம்மாவுக்கு வருத்தம். இருபத்தெட்டாம் நாள் அரைஞாண் கட்டு வேறு வருகிறது. அன்றைக்கு விடியுமுன் தலைக்கு ஊற்ற வேண்டுமாம். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்தத் தூக்கத்தைப் பற்றிப் பேசுவோம். மற்றதெல்லாம் பிறகு.

ஒன்பது நாள் பிள்ளை இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பாலுக்குத் தேட வேண்டும். குளித்த பிறகு கொஞ்சம் அசந்து தூங்குவது சகஜம்தான். ஆனால் கை கால் நீலமாகி, நாலு மணி நேரம் எழும்பாமல் கிடந்தாள் என்றால் அதை நல்ல உறக்கம் என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். பிள்ளைக்குக் குளிர் ஏறியிருக்கிறது என்றுதான் தோன்றுகிறது.

நமக்குக் குளிர்ந்தால் உடம்பு நடுங்கும், அந்த நடுக்கத்தில் சூடு உண்டாகும். பச்சைப் பிள்ளைக்கு நடுங்கத் தெரியாது. பிடரியிலும் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் இருக்கும் ஒருவகைக் கொழுப்பை எரித்துத்தான் அது சூடு உண்டாக்குகிறது. அதற்குப் பிராணவாயுவும் செலவாகிறது, ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையும் செலவாகிறது. சர்க்கரை குறைந்தால் பிள்ளை மந்தமாகிவிடும், பால் குடிக்கத் தெம்பு இருக்காது. குடிக்காவிட்டால் சர்க்கரை இன்னும் குறையும். அழாமல், அடம்பிடிக்காமல் கிடப்பதால் பார்க்கிறவர்களுக்குச் சமர்த்தாகத் தூங்குவது போலத்தான் தெரியும்.

இதைக் கண்டுபிடிக்க உங்கள் கையே போதும். புறங்கையைப் பிள்ளையின் வயிற்றில் வையுங்கள், அடுத்து உள்ளங்காலில் வையுங்கள். இரண்டும் கதகதப்பாக இருந்தால் சரி. வயிறு சூடாக இருந்து கால் சில்லென்று இருந்தால் குளிர் ஏறத் தொடங்கிவிட்டது. வயிறும் குளிர்ந்திருந்தால் அது ஆபத்து. தெர்மாமீட்டர் இருந்தால் அக்குளில் வைத்துப் பாருங்கள், 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். கால் மட்டும் குளிர்ந்திருந்தால் நாப்கினும் தொப்பியும் மட்டும் போட்டு, பிள்ளையின் நெஞ்சு உங்கள் நெஞ்சில் படும்படி வெறும் உடம்போடு அணைத்து, இருவருக்கும் சேர்த்துப் போர்த்திக்கொண்டு பால் கொடுங்கள். எந்த வெந்நீர்ப் பாட்டிலும் இதற்கு ஈடாகாது, அது தோலைச் சுட்டுவிடும் என்பது வேறு. ஒரு மணி நேரம் கழித்தும் கால் சூடாகவில்லை என்றாலோ, வயிறும் குளிர்ந்திருந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ காத்திருக்காதீர்கள். நெஞ்சோடு அணைத்தபடியே ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பக்கத்தில் உள்ள குழந்தை மருத்துவரிடமோ கிளம்புங்கள். வண்டி இல்லையென்றால் 108. கை கால் மட்டும் நீலமாவது முதல் சில நாட்களில் குளிர்பட்டாலே வரும். உதடும் நாக்கும் நீலமானால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

இந்த வாரமே ஒருமுறை எடையும் பார்த்துவிடுங்கள். முதல் சில நாட்களில் எடை கொஞ்சம் இறங்கும். பத்து நாள் வாக்கில் பெரும்பாலும் பிறந்த எடைக்குத் திரும்பியிருக்கும். கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வரும்போது சொன்னால் அவரே நிறுத்துப் பார்ப்பார்.

சரி, குளியலுக்கு வருவோம். நம்மூரில் யாரும் பிள்ளைக்குக் குளிரும் என்று நம்புவதில்லை. வெளியே முப்பது டிகிரி வெயில், தண்ணீரும் சூடு, அப்புறம் எப்படிக் குளிரும் என்பார்கள். மண்பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறதோ அப்படித்தான். ஈரம் காற்றில் காயும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. நீங்கள் இருப்பதோ தோவாளை. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று காற்றாலைகளைச் சுற்றவைக்கிற காற்று. அதில் முற்றத்தில் அரை மணி நேரம் ஈரத்தோடு கிடந்தால் பெரியவர்களுக்கே உடம்பு சில்லிடும். பிள்ளைக்கு உடம்பின் அளவுக்குத் தலை பெரிது, தோல் மெல்லியது, அதனால் சூடு இன்னும் வேகமாக இறங்கும். எத்தனை சூடான தண்ணீர் ஊற்றினாலும் ஊற்றி முடித்த நிமிடத்திலிருந்து குளிர்தான். இதே மாவட்டத்தில் பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கம் சாரல் மழையிலும் இதே கதைதான் நடக்கிறது. அங்கே காற்றுக்குப் பதில் ஈரப்பதமும் துவைத்த துணி காயாததும்தான் தொல்லை.

ஆகவே இடத்தை முதலில் மாற்றுங்கள். முற்றம் வேண்டாம், அறைக்குள். ஜன்னல் மூடி, மின்விசிறி நிறுத்தி, காலை பத்து மணிக்கு மேல். நேரம் ஐந்து நிமிடம், மிஞ்சினால் பத்து. அதற்குமேல் வேண்டியதே இல்லை. வெளியே மண்ணில் புரளாத பிள்ளைக்கு என்ன அழுக்கு சேர்ந்துவிடப் போகிறது? கழுத்து மடிப்பில் வழிந்த பாலும் நாப்கின் பகுதியும்தான். தினமும் குளிப்பாட்டியே தீர வேண்டும் என்றும் இல்லை. வாரத்தில் இரண்டு, மூன்று நாள் குளியல், மற்ற நாள் முகமும் மடிப்புகளும் துடைப்பு என்பது தாராளம். பிறந்து 24 மணி நேரம் ஆகும் முன் குளிப்பாட்டவே வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்போது தோலில் இருக்கும் வெள்ளை மாவு போன்ற பூச்சைத் தேய்த்து எடுப்பதும் தவறு, அது பிள்ளைக்குக் காவல். உங்களுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது.

கொடி விழும்வரை சிஸ்டர் சொன்னபடி துடைத்துவிடுங்கள். கொடியோடு தண்ணீரில் நனைத்தாலே சீழ் பிடித்துவிடும் என்று நான் சொல்லவில்லை. சுத்தமான தண்ணீரில் நனைத்து நன்றாக உலர்த்தினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் கிணற்றுத் தண்ணீர், எண்ணெய், மாவு எல்லாம் சேர்ந்து கொடியின் அடியில் தங்கிக் கசகசவென்று இருந்தால் அது காய நாளாகும், கிருமிக்கும் இடம் கொடுக்கும். துடைத்துவிடுவது பாதி வேலை, பிள்ளைக்குக் குளிரும் குறைவு. அதனால்தான் அது.

துடைக்கும் விதம் இது. முதலில் துண்டு, மாற்றுத்துணி, தொப்பி எல்லாவற்றையும் கைக்கு எட்டும் தூரத்தில் எடுத்துவையுங்கள். பிள்ளையை உலர்ந்த துண்டில் சுற்றியே வைத்திருங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் மெல்லிய பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து முதலில் முகம். சோப்பு வேண்டாம். கண்ணை மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாக, ஒவ்வொரு கண்ணுக்கும் வேறு வேறு பஞ்சில் துடையுங்கள். பிறகு துண்டை விலக்கி ஒரு கை, துடைத்து, ஒற்றி, மூடி, அடுத்த கை. இப்படி எந்தப் பகுதியைத் துடைக்கிறீர்களோ அதை மட்டும் திறந்தால் போதும். கழுத்து மடிப்பு, அக்குள், தொடையிடுக்கு மூன்றிலும் ஈரம் தங்கக் கூடாது. பெண் குழந்தை என்பதால் முன்னிருந்து பின்னாகத்தான் துடைக்க வேண்டும். அங்கே வெள்ளையாகப் படிந்திருப்பதைத் தேய்த்து எடுக்காதீர்கள். முதல் வாரத்தில் இரண்டொரு சொட்டு ரத்தம் பட்டாலும் பதறாதீர்கள், அது உங்கள் உடம்பிலிருந்து போன ஹார்மோன் விட்டுப்போகும் அடையாளம். கடைசியாகத் தலை. நனைத்த உடனே ஒற்றித் துடைத்துத் தொப்பி போட்டுவிடுங்கள். ஊரில் பல வீடுகளில் தலையை முதலில் நனைத்துவிட்டு உடம்பு முடியும்வரை ஈரத்தோடு விடுகிறார்கள். சூடு அதிகம் இறங்குவதே அந்த வழியாகத்தான்.

கொடிக்கு எதுவும் போடாதீர்கள். மஞ்சள், சாம்பல், பவுடர், எண்ணெய் எதுவும் வேண்டாம். நாப்கினைக் கொடிக்குக் கீழே மடித்துக் கட்டினால் சிறுநீர் படாது. பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானாக விழும். விழும்போது துணியில் ஒரு பொட்டு ரத்தம் படலாம். கொடியைச் சுற்றி வயிற்றுத் தோல் சிவந்து பரவினாலோ, சீழ் வந்து நாற்றம் அடித்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூன்று வாரம் தாண்டியும் விழாவிட்டாலும் காட்டுங்கள்.

கொடி விழுந்து தொப்புள் உலர்ந்த பிறகு பாட்டி வரட்டும். காலை நீட்டிக் கிடத்திக் குளிப்பாட்டும் முறையை நான் குறை சொல்ல மாட்டேன். உண்மையைச் சொன்னால், வழுக்கும் பிளாஸ்டிக் தொட்டியில் ஒரு கையால் பிடித்துத் தடுமாறும் புதுத் தாயைவிட அந்தப் பாட்டியின் கால் பத்திரமானது. பிள்ளை தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது, இரண்டு கையும் அதன்மேல் இருக்கிறது. ஆனால் எண்ணெய் பூசிய பிள்ளை கையிலிருந்து நழுவும். குப்புறக் கிடத்தும்போது மூக்கும் வாயும் தண்ணீர் வழியும் இடத்தில் இருக்கக் கூடாது. செம்பிலிருந்து உயரத் தூக்கி ஊற்றாமல் கையில் ஏந்தி ஊற்றச் சொல்லுங்கள், முகத்தில் ஊற்றவே வேண்டாம். பக்கத்தில் துண்டோடு இன்னொருவர் நிற்க வேண்டும்.

தண்ணீர்ச் சூடு பற்றிக் கட்டாயம் பேச வேண்டும். பேறுகாலத்தில் வீட்டில் இரண்டு தண்ணீர் காயும். உங்களுக்கு இலை போட்டுக் கொதிக்கவைத்த வேதுத் தண்ணீர் ஒன்று, பிள்ளைக்கு ஒன்று. பொறுக்கிற சூட்டில் உங்களுக்கு ஊற்றுகிற அதே கையால் பிள்ளைக்கும் ஊற்றும்போது சூடு கூடிவிடுகிறது. பாட்டியின் உள்ளங்கை அடுப்படியில் காய்ப்பேறிய கை, அதற்குச் சூடு தெரியாது. முழங்கையையோ மணிக்கட்டின் உள்பக்கத்தையோ தண்ணீரில் வைத்துப் பார்க்க வேண்டும். சூடென்றும் இல்லாமல் குளிர் என்றும் இல்லாமல், வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். அளந்து பார்த்தால் 37, 38 டிகிரி. பாத்திரத்தில் பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்றி, அதில் வெந்நீரைச் சேர்த்துக் கலக்குங்கள். கொதிக்கும் அண்டாவைக் குளிப்பாட்டும் இடத்துக்குக் கொண்டுவரவே வேண்டாம். பிள்ளையைத் தொட்டியிலோ பேசினிலோ விட்டுவிட்டு ஃபோன் எடுக்க எழுந்து போகக் கூடாது. இரண்டு விரல் உயரத் தண்ணீரே மூழ்கடிக்கப் போதும்.

இனி, பாட்டி உடனே நிறுத்த வேண்டியவை. மூக்கில் எண்ணெய் விடுவதுதான் இதில் முதலாவது. அந்த எண்ணெய் மூச்சுக்குழாய் வழியாக நுரையீரலுக்கு இறங்கினால் ஒருவகை நிமோனியா வரும். சளிக்குக் கொடுக்கும் மருந்தில் அது கரையாது, பல வாரங்கள் படுத்தும். வாயால் ஊதுவதும் கூடாது. பெரியவர்கள் வாயில் சும்மா இருக்கும் கிருமி பிள்ளைக்குச் சும்மா இருக்காது. மூக்கடைத்தால் மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு ஒன்றிரண்டு போதும். காதிலும் எண்ணெய் வேண்டாம். மார்பு வீங்கியிருப்பதும், அதில் பால் போலக் கசிவதும் ஆண், பெண் இரண்டு பிள்ளைக்கும் வரும். அதுவும் உங்கள் ஹார்மோன்தான், சில வாரங்களில் தானாக வடியும். பிதுக்கினால் உள்ளே புண்ணாகிச் சீழ்க்கட்டி வைக்கும். பெண் குழந்தைக்கு அந்த இடத்தில் கத்தி வைக்கும்படி ஆனால் பிற்காலத்தில் மார்பு வளர்ச்சியையே பாதிக்கலாம். உங்கள் அம்மாவிடம் இதை மட்டும் விளக்கமாகச் சொல்லுங்கள். தொண்டையில் விரல் விட்டுச் சளி எடுப்பது, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவது, தலையை உருட்டி வடிவம் செய்வது, மூக்கை நீவி நீட்டுவது எல்லாம் வேண்டாம். பிறக்கும்போது நீண்டிருக்கும் தலை சில நாட்களில் தானே சரியாகும்.

சாம்பிராணி பாட்டிக்குப் பிடித்த விஷயம், அது எனக்கும் தெரியும். முடி காயவும் சளி பிடிக்காமல் இருக்கவும் என்பார்கள். முடி காயத் துண்டு போதும். புகை சளியைத் தடுக்காது, மூச்சுக்குழாயை உறுத்தி இருமலைத்தான் கொண்டுவரும். கனலும் பக்கத்தில் இருக்கிறது. சாமி அறையில் போடட்டும், பிள்ளை அங்கே இல்லாமல் இருந்தால் சரி. முகப்பவுடரும் இதே கணக்குதான், தூள் மூச்சில் போகும். கண்ணுக்குள் மை வேண்டாம். ஈயம் கலந்த மைகள் உண்டு, கண்ணீர்ப் பாதையும் அடைபடும். திருஷ்டிதான் காரணம் என்றால் உள்ளங்காலில் ஒரு பொட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய்க்கு நான் எதிரியில்லை. தேங்காய் எண்ணெய் பச்சைப் பிள்ளையின் தோலுக்கு ஒத்துப்போவது, தோலின் ஈரத்தையும் காக்கும். தேங்காய்ப்பால் காய்ச்சி வீட்டில் எடுக்கும் உருக்கெண்ணெய் இருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். மிளகு, மஞ்சள், பச்சிலை எதுவும் சேர்த்துக் காய்ச்சியதாக மட்டும் இருக்க வேண்டாம். கொடி விழும்வரை வயிற்றில் எண்ணெய் வேண்டாம். அழுத்தித் தேய்க்காமல், கை காலை முறுக்காமல், பிள்ளை விழித்திருந்து பசியும் இல்லாமல் இருக்கும்போது மெல்ல வருடினால் போதும். குளித்துத் துடைத்த பிறகு மெல்லிசாகப் பூசுவது எனக்கு அதிகம் பிடிக்கும், நழுவும் பயமும் இல்லை. உச்சிக்குழியில் எண்ணெய் வைத்தால் அது மூடும் என்பது நம்பிக்கை மட்டும்தான். ஒன்றரை வயதுக்குள் தானாக மூடிவிடும். குழிந்தோ புடைத்தோ தெரிந்தால்தான் கவலை.

சோப்பு முதல் மாதத்தில் அவ்வளவாகத் தேவையில்லை. பிள்ளைக்கென்று விற்கும் மணம் குறைந்த சோப்பை வாரத்தில் இரண்டு நாள் மடிப்புகளுக்கு மட்டும் போடுங்கள். கடலை மாவும் பயறு மாவும் இந்தத் தோலை உராயும், மடிப்பில் தங்கிப் புண்ணாக்கும். மஞ்சள் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. முதல் இரண்டு வாரத்தில் நாங்கள் தேடுவதே பிள்ளையின் தோலில் மஞ்சள் நிறத்தை. மஞ்சள் பூசிக் குளிப்பாட்டிக் கொண்டுவந்தால் காமாலை இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் எப்படிச் சொல்வது? உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சளாகத் தெரிந்தால் இளவெயிலில் காட்டிக்கொண்டிருக்காமல் உடனே ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போக வேண்டும்.

குளித்த பிறகு போடும் துணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அம்மா வீட்டில் பெட்டியில் பத்திரப்படுத்திய பழைய பிள்ளைத் துணியை ஆசையாக எடுத்துப் போடுவார்கள். அதில் பாச்சை உருண்டை போட்டிருந்தால் அந்த வாசனையே சில பிள்ளைகளுக்கு ரத்த அணுக்களை உடைத்துக் காமாலையைக் கடுமையாக்கும். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த பிள்ளைகள் அவர்கள், பார்த்தால் தெரியாது. உருண்டையை வீட்டை விட்டே எடுத்துவிட்டு, துணியைத் துவைத்து இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயவைத்த பிறகு போடுங்கள்.

பாட்டியிடமும் அம்மாவிடமும் எப்படிச் சொல்வது என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று நினைக்கிறேன். வரவேண்டாம் என்று சொல்லாதீர்கள். "டாக்டர் கொடி விழுற வரைக்கும் துடைக்கத்தான் சொல்லியிருக்கார்" என்று பழியை என்மேல் போடுங்கள். பாட்டியை உங்களுக்கு வேது ஊற்றச் சொல்லுங்கள், பிள்ளையைத் துடைக்கும்போது பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிள்ளையைப் பிடிப்பதில் அவர் கைக்கு இருக்கும் தெளிவு உங்களுக்கு வரச் சில வாரமாகும். நாளைக்குத் துடைத்து முடித்ததும் அம்மாவின் கையைப் பிடித்துப் பிள்ளையின் வயிற்றிலும் உள்ளங்காலிலும் வைத்துக் காட்டுங்கள். முற்றத்தில் குளிப்பாட்டிய அன்று கால் எப்படி இருந்தது என்பது அவருக்கும் நினைவிருக்கும். பத்து வார்த்தை சொல்வதைவிட அது நன்றாகப் புரியும்.

அரைஞாண் கட்டுக்கு விடியுமுன் குளியல் வேண்டாம். கார்த்திகை, மார்கழியில் என்றால் இன்னும் வேண்டாம். விடியற்காலையில் ஈரத்துணியால் முகமும் கை காலும் துடைத்துப் புதுத்துணி உடுத்திச் சடங்கை முடித்துக்கொள்ளுங்கள், வெயில் ஏறியதும் குளிப்பாட்டலாம். அதற்குள் எடை கூடியிருக்க வேண்டும், தொப்புள் உலர்ந்திருக்க வேண்டும். எடை 2.5 கிலோவுக்குக் குறைவான பிள்ளையாகவோ மாதம் குறைந்து பிறந்த பிள்ளையாகவோ இருந்தால் அன்றைக்கும் துடைப்புதான், மருத்துவர் சொன்ன பிறகே குளியல். உங்களுக்கு அந்தக் கவலையில்லை. கயிற்றை இரண்டு விரல் நுழையும் தளர்வில் கட்டச் சொல்லுங்கள். கறுப்புக் கயிறு குளித்தபின் வெகுநேரம் ஈரமாகவே இருக்கும், அதன் அடியில் தோல் வெந்து சிவக்கும். ஒவ்வொரு முறை துடைக்கும்போதும் கயிற்றை நகர்த்தி அடியில் உலர்த்துங்கள். மாதாமாதம் இடுப்பு பெருக்கும், தளர்த்திக் கட்டவும் மறக்க வேண்டாம்.